கொள்கையா, நயமா, சூத்திரமா? எல்லைப்புறத் தமிழர் படிக்கும் செய்திகளில் பொருள் மாறும் சொற்கள்

2020-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட கல்வி ஆவணத்தைத் தமிழில் ‘தேசியக் கல்விக் கொள்கை’ என்கிறோம். அதையே மலையாளச் செய்தித்தாள்கள் ‘தேசீய வித்யாப்யாச நயம்’ என்றும், தெலுங்குச் செய்தித்தாள்கள் ‘ஜாதீய வித்யா விதானம்’ என்றும் எழுதுகின்றன. பள்ளியில் மூன்று மொழிகளைக் கற்பிக்கும் ஏற்பாடு தமிழில் ‘மும்மொழிக் கொள்கை’. தெலுங்கிலோ ‘த்ரிபாஷா சூத்ரம்’. தமிழை மட்டும் படிக்கிறவருக்கு இதில் இடர் எதுவும் இல்லை. பாலக்காட்டுச் சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் களியக்காவிளையிலும், மறுபுறம் நகரியிலும் குப்பத்திலும், ஒரே நாளில் இரண்டு மொழிகளில் செய்தி படிக்கும் தமிழருக்குத்தான் இடர். ‘ஜாதீய’ என்பதைத் தமிழ்ப் பழக்கத்தில் படித்தால் சாதி நினைவுக்கு வரும். தெலுங்கில் அதன் பொருள் ‘தேசிய’ என்பதே. ‘நயம்’ என்றால் நமக்குக் கவிதையின் அழகோ சரக்கின் தரமோ நினைவுக்கு வரும். மலையாளத்தில் அது அரசின் செயல்திட்டம்.

தெரியாத சொல் எதிர்ப்பட்டால் யாரிடமாவது கேட்டுக்கொள்வோம். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போது கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. நம்பிக்கை முறைகளையும் வழிகாட்டும் கோட்பாடுகளையும் குறிக்கும் சொற்களில் இந்த இடர் மிகுதி. மத உரிமை, அரசுக் கொள்கை, கோயில் நிருவாகம் ஆகியவற்றைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இச்சொற்களைக் கொண்டே நடப்பதால், அவற்றின் பொருளை அடியிலிருந்து பார்ப்பது தேவையாகிறது.

குழப்பத்தின் இரண்டு ஊற்றுகள்

முதலாவது, மூன்று மொழிகளும் ஒரே வடமொழிக் களஞ்சியத்திலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தத்தம் வழக்கில் வெவ்வேறு திசைகளில் வளர்த்துவிட்டன. ‘சமயம்’ என்ற சொல் இதற்கு எளிய சான்று. தமிழில் அது நேரத்தையும் குறிக்கும், நம்பிக்கை முறையையும் குறிக்கும். மலையாளத்திலும் தெலுங்கிலும் இன்றைய வழக்கில் அது நேரம் மட்டுமே.

இரண்டாவது காரணம் எழுத்து. வடமொழியின் நான்கு ஒலிகளுக்குத் தமிழில் ‘த’ என்ற ஒரே எழுத்துதான் நிற்கிறது. மலையாளமும் தெலுங்கும் நான்குக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கின்றன. இதன் விளைவாக மூன்று இணைச்சொற்கள் தமிழில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

1. கருத்து என்ற பொருளுடைய மதமும், யானைக்குப் பிடிக்கும் மதமும் வடமொழியில் வெவ்வேறு சொற்கள். தமிழில் எழுத்து ஒன்றே. ‘மதம் பிடித்தல்’ என்று மேடையில் சொல்லப்படும் சிலேடை தமிழில் மட்டுமே எடுபடும். அதை வைத்து மதம் என்ற சொல்லின் பிறப்பிலேயே வெறி இருப்பதாக வாதிடுவது பிழை.

2. உடலில் வரும் வாதமும் சபையில் நடக்கும் வாதமும் இவ்வாறே இரு வேறு சொற்கள். சாம்யவாதம் (சமதர்மம்), பௌதிகவாதம் (பொருள்முதல்வாதம்) என்று கொள்கைப் பெயர்களின் ஈற்றில் நிற்பது இரண்டாவது.

3. மேற்கட்டியைக் குறிக்கும் விதானமும், செய்முறையைக் குறிக்கும் விதானமும் அப்படியே. தமிழில் முதற்பொருள் மட்டும் தங்கியது. தெலுங்கில் இரண்டாவது அரசின் கொள்கைக்குப் பெயரானது.

சொற்களுக்குள் இருக்கும் நான்கு உருவகங்கள்

நம்பிக்கை முறைகளுக்குத் தமிழில் வழங்கும் சொற்களை வேர் நோக்கிப் பிரித்தால் நான்கு படிமங்கள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் நம்பிக்கையை ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது.

1. எண்ணம். மதம் என்பது எண்ணப்பட்டது, கருதப்பட்டது. சம்மதம், அபிமதம் ஆகியவற்றில் இருப்பதும் இதே சொல். இதன்படி நம்பிக்கை என்பது ஒருவர் கொண்ட கருத்து.

2. உடன்பாடு. சமயம் என்பதன் அடிப்பொருள் ஒன்றுகூடல். அதிலிருந்து குறித்த வேளை என்ற பொருளும், பலர் கூடி ஏற்ற ஒழுங்கு என்ற பொருளும் கிளைத்தன.

3. வழி. நெறி, மார்க்கம், வழி என்பவை நடப்பதைக் குறிப்பவை. இங்கே நம்பிக்கையைவிட ஒழுகலாறு முன்னிற்கிறது.

4. பற்றிக்கொள்ளுதல். கொள்கை, கோட்பாடு என்ற இரண்டும் ‘கொள்’ என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை. கையில் கொண்டதை விடாமல் வைத்திருத்தல் என்ற உணர்வு இவற்றில் உண்டு.

அறமும் தர்மமும் இந்த நான்கிலும் அடங்காதவை. கோயில்களைப் பற்றிப் பேசும்போது அவற்றுக்கு வருவோம்.

‘மதம்’ நடந்து வந்த தூரம்

13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பாயிரம் ‘எழுவகை மதம்’ பற்றிக் கூறுகிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதை மறுத்தல், ஒருவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டுச் சொன்னவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறர் கருத்தோடு கலவாமல் தன் கருத்தையே கொள்ளுதல் என்பன அவை. இங்கே மதம் என்பது நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடு. கடவுளும் வழிபாடும் இந்தப் பட்டியலில் இல்லை. மறுப்பதும் ஒரு மதமே என்று இலக்கணம் வகுத்திருப்பது, அச்சொல் ஒரு காலத்தில் எவ்வளவு திறந்ததாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

மணிமேகலையின் 27-ஆம் காதை ‘சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை’. சேரரின் வஞ்சி நகரத்தில் மணிமேகலை அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி முதலியோரை ஒவ்வொருவராக அணுகி அவரவர் திறத்தைக் கேட்கிறாள். உலகம் பூதங்களின் கூட்டு மட்டுமே என்று சொல்லும் பூதவாதியும் சமயக்கணக்கருள் ஒருவன். கடவுளை ஏற்காதவனுக்குச் சமயம் இல்லை என்ற இன்றைய கணக்கு அந்தக் காப்பியத்துக்குத் தெரியாது.

மலையாளத்தில் ‘மதம்’ என்ற சொல்லின் பழைய பொருளை மீட்டெடுத்து வலிமையாகக் கையாண்டவர் கேரளத்துத் துறவியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான நாராயண குரு (1856–1928). மருத்துவாழ்மலையில் தவமிருந்தவர், தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர். உலகில் எல்லாரும் எப்போதும் தன் இன்பத்துக்காகவே முயல்கின்றனர், ஆகவே இந்த ‘மதம்’ ஒன்றே என்று ஆத்மோபதேச சதகத்தில் அவர் சொல்லும்போது, அச்சொல்லுக்கு நோக்கம், கருத்து என்றே பொருள். ‘ஒரு மதம்’ என்ற அவருடைய புகழ்பெற்ற தொடரை, எல்லாரும் ஒரே வழிபாட்டு அமைப்பில் சேர வேண்டும் என்ற அழைப்பாக எடுத்துக்கொண்டால், அவர் சொன்னதற்கு நேர்மாறான இடத்துக்குப் போய்விடுவோம்.

அவருடைய இன்னொரு வாக்கு: ‘மதமேதாயாலும் மனுஷ்யன் நன்னாயால் மதி.’ மலையாளத்தில் ‘மதி’ என்றால் போதும். மதம் எதுவாயினும் மனிதன் நல்லவனானால் போதும் என்பதே இதன் பொருள். தமிழ்க் கண்ணால் படிப்பவர் மதி என்பதை அறிவென்றோ, மதிப்பாயாக என்ற ஏவல் என்றோ கொள்ள இடமுண்டு. 1924-இல் ஆலுவாயில் நடந்த சர்வமத மாநாட்டின் வாயிலில் வைக்கப்பட்ட வாசகம் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு: ‘வாதிக்கானும் ஜயிக்கானுமல்ல, அறியானும் அறியிக்கானுமாண்.’ வாதிடவும் வெல்லவும் அன்று, அறியவும் அறிவிக்கவுமே என்பது பொருள். தமிழில் ‘அறியான்’ என்றால் அறியாதவன். மலையாளத்தில் ‘அறிவதற்கு’ என்று பொருள்படும் வடிவம், தமிழில் அறிவின்மையைச் சொல்லும் வடிவமாக இருக்கிறது. எல்லைப்புறப் பள்ளிகளில் இந்த வாசகத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுவதோடு நிற்காமல், தமிழாகவே மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்றைய செய்தி வழக்கில் ‘மதம்’ மூன்று மொழிகளிலும் ஒரே நிறத்துடன் இல்லை. மலையாளத்தில் ‘மதபண்டிதன்’, ‘மதபிரசங்கம்’ என்பவை மரியாதையான சொற்கள்; இசுலாமிய அறிஞரையும் அவருடைய சொற்பொழிவையும் இயல்பாக அவ்வாறே குறிப்பர். தமிழில் ‘மதவாதி’, ‘மதப் பிரச்சாரம்’ என்றாலே மோதலின் சாயல் வந்துவிடுகிறது. மரியாதை வேண்டும் இடத்தில் நாம் சமயத்துக்கோ மார்க்கத்துக்கோ மாறிக்கொள்கிறோம். தெலுங்கில் ‘மததத்வம்’ என்றால் வகுப்புவாதம். தமிழர் அதை ‘மதத் தத்துவம்’ என்று படித்தால், கண்டிக்கப்படும் ஒன்று போற்றப்படும் ஒன்றாகிவிடும். மலையாளத்தில் வகுப்புவாதத்துக்கு ‘வர்கீயத’ என்று பெயர். வர்க்கப் போராட்டம் என்ற தொடருக்குப் பழகிய தமிழர் அதில் உழைக்கும் வர்க்கத்தைத் தேடக்கூடும்.

முகப்புரையின் இரண்டு சொற்கள்

1976-இல் 42-ஆம் திருத்தம் அரசமைப்பின் முகப்புரையில் இரண்டு அடைமொழிகளைச் சேர்த்தது. தமிழில் அவை ‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ என வழங்குகின்றன. மலையாளத்தில் ‘ஸ்திதிசமத்வ’, ‘மதேதர’. தெலுங்கில் ‘சாம்யவாத’, ‘லௌகிக’.

முதற்சொல்லில் தமிழ் தர்மத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மலையாளம் நிலைகளின் சமத்துவத்தைச் சொல்கிறது. தெலுங்கு அதை ஒரு வாதமாக, அதாவது கொள்கைக் கட்டமைப்பாகப் பார்க்கிறது. இரண்டாவதில் வேறுபாடு இன்னும் ஆழமானது. சார்பின்மை என்பது அரசு எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது. ‘மதேதரம்’ என்பது மதத்துக்கு அயலானது, மதம் அல்லாதது. ‘லௌகிகம்’ உலகியலைச் சேர்ந்தது. நீதிமன்றத்தின் முன் மூன்றும் ஒன்றுதான். ஆயினும், ஒருவர் கோயில் திருவிழாவுக்கு அரசு பணம் தரலாமா என்று தமிழில் வாதிடும்போது ‘எல்லாருக்கும் சமமாகத் தருகிறதா’ என்ற கேள்வி முதலில் எழுவதும், மலையாளத்தில் ‘அரசுக்கு அங்கே என்ன வேலை’ என்ற கேள்வி எளிதாக எழுவதும், சொற்கள் வகுத்துத் தந்த தடங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வழியும் மார்க்கமும் வேதமும்: குமரியின் சொற்கள்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன்பே நம்பிக்கை முறைகளுக்கு அந்த மண் தனக்கெனச் சொற்களை உருவாக்கிக்கொண்டிருந்தது.

சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டரைப் (1809–1851) பின்பற்றுவோர் தம் நெறியை ‘அய்யாவழி’ என்கின்றனர். மதம், சமயம் ஆகிய இரண்டு பெருஞ்சொற்களும் அந்தப் பெயரில் இல்லை. வழிபாட்டிடங்கள் ‘பதி’, ‘நிழல் தாங்கல்’ எனப்படுகின்றன. தாங்கல் என்பது தாங்கி நிற்பது, ஒதுங்க இடம் தருவது. சாதிக் கொடுமையால் கோயிலுக்கும் தெருவுக்கும் வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் கட்டிக்கொண்ட இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ‘தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தருமம்’ என்பது அந்த வழியின் நடுநாயகமான வாக்கு. தருமம் என்றால் பிச்சை என்றும், பிறப்பால் வந்த கடமை என்றும் இரு வேறு பொருள்கள் வழங்கிய நாட்டில், அச்சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளை இது நிறுவியது. ‘எங்கள் தர்மமே எங்கள் குலதெய்வம்’ என்று பொருள்படும் வடமொழித் தொடரைத் திருவிதாங்கூர் அரசு தன் இலச்சினை வாசகமாகக் கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே சொல்லை அரண்மனையும் குடிசையும் எப்படி எதிரெதிராகப் பிடித்து நின்றன என்பது விளங்கும்.

அதே மாவட்டத்தில் ‘வேதக்காரர்’ என்றால் கிறித்தவர். ‘வேதக்கோயில்’ என்றால் தேவாலயம். ‘வேதத்தில் சேர்ந்தார்’ என்றால் கிறித்தவரானார். வடமாவட்டத்துத் தமிழர் இதை வைதிகத்தோடு இணைத்துக் குழம்புவது உண்டு. வேதம் என்ற சொல்லுக்குப் புனித மறை என்ற பொதுப்பொருளை மக்கள் எடுத்துக்கொண்டனர் என்பதே இதன் விளக்கம்.

மார்க்கம் என்ற சொல் எல்லையில் கைமாறுகிறது. தமிழ் முசுலிம்களிடையே ‘மார்க்கம்’ என்றால் இசுலாம். ‘மார்க்க அறிஞர்’, ‘மார்க்கச் சொற்பொழிவு’ என்பவை அன்றாட வழக்கு. மலையாளத்திலோ ‘மார்க்கம் கூடுக’ என்பது கிறித்தவத்தில் சேர்வதைக் குறித்த பழைய தொடர். தோமா கிறித்தவரின் கலை ‘மார்க்கம்களி’. ஒரு மலையாள நூலில் ‘மார்க்கம் கூடியவர்’ என்று படித்துவிட்டு, அவரை இசுலாத்தைத் தழுவியவர் என்று தமிழில் எழுதினால் ஒரு குடும்பத்தின் வரலாறே மாறிப்போகும்.

கொள்கையின் சுமை

புறநானூற்றில் பிசிராந்தையார் தம் ஊரில் வாழ்வோரை ‘ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்’ என்கிறார். ‘குலஞ்சுடும் கொள்கை பிழைப்பின்’ என்கிறது குறள் (1019). இரண்டு இடங்களிலும் கொள்கை என்பது ஒருவர் தம் வாழ்வில் பிடித்து நிற்கும் ஒழுக்கம். அதை எழுதி வெளியிட முடியாது. வாழ்ந்து காட்டவே முடியும்.

இன்று அதே சொல்லின் தலையில் மூன்று சுமைகள் ஏற்றப்பட்டிருக்கின்றன.

1. தனிமனிதர் விட்டுக்கொடுக்காத உறுதி: ‘கொள்கைப் பிடிப்புள்ளவர்’.

2. கட்சியின் அல்லது இயக்கத்தின் அடிப்படை நிலைப்பாடு: ‘இருமொழிக் கொள்கை’. 1968 சனவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்துக்குப் பிறகு இது வெறும் பாடத்திட்ட ஏற்பாடாகப் பார்க்கப்பட்டதே இல்லை.

3. ஒரு துறையில் அரசு வகுத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ளும் செயல்முறை: ‘மதுக் கொள்கை’, ‘தொழிற்கொள்கை’, மானியக் கோரிக்கையின்போது அமைச்சர்கள் முன்வைக்கும் ‘கொள்கை விளக்கக் குறிப்பு’.

மலையாளம் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. முதலாவது ‘ஆதர்சம்’. இரண்டாவது ‘தத்வம்’ அல்லது ‘நிலபாடு’. மூன்றாவது ‘நயம்’. நயம் என்பது நடத்திச் செல்லுதல் என்ற வேரிலிருந்து வந்தது; ‘நயதந்த்ரம்’ என்றால் அயலுறவு. சூழலுக்கேற்ப வளைவது நயத்தின் இயல்பு, வளையாதது ஆதர்சம். கேரள ஆளுநர் சட்டமன்றத்தில் ஆற்றும் உரையை அங்கே ‘நயப்பிரக்யாபனம்’ என்பர். தமிழ்நாட்டில் அது ‘ஆளுநர் உரை’ மட்டுமே. கேரளத்தின் ‘மத்யநயம்’ 2014-இல் மதுக்கூடங்களை மூடும் திசையிலும் 2017-இல் வேறு திசையிலும் திரும்பியது. ‘கேரளம் மதுக் கொள்கையை மாற்றிக்கொண்டது’ என்று தமிழில் படிக்கும்போது, வாக்குத் தவறியதாகவோ உறுதி குலைந்ததாகவோ ஒரு குற்றச்சாட்டு காதில் விழுகிறது. மலையாளத்தில் ‘நயம் மாறி’ என்பதில் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. வேண்டுமானால் எதிர்க்கட்சி அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மும்மொழிச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. 1968-இன் தேசியக் கல்வி ஆவணம் மூன்று மொழி ஏற்பாட்டுக்கு இட்ட ஆங்கிலப் பெயரின் நேர்பொருள் ‘வாய்பாடு’ என்பதாகும். தெலுங்கு ‘சூத்ரம்’ என்று அதைப் பெயர்த்தது. வாய்பாட்டில் எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். தமிழ் அதைக் ‘கொள்கை’ என்று பெயரிட்டதும் அது ஏற்பதற்கோ எதிர்ப்பதற்கோ உரிய உறுதிப்பாடாகிவிட்டது. தமிழ்நாட்டின் எதிர்ப்புக்கு வலுவான வரலாற்றுக் காரணங்கள் உண்டு. சொல்லை மாற்றினால் அவை மறையா. ஆயினும் நகரியில் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றையும் படிக்கும் தமிழ்ப் பிள்ளையின் பெற்றோருக்கு, திருத்தணியில் இருக்கும் உறவினர் ஏன் இவ்வளவு சினத்தோடு பேசுகிறார் என்பது விளங்காமல் போவதற்கும், அவருக்கு இவர்களுடைய அமைதி விளங்காமல் போவதற்கும் இந்தப் பெயர் வேறுபாடும் ஒரு காரணம்.

செய்தியாளர்கள் மூன்றாவது பொருளுக்குச் ‘செயற்கொள்கை’ என்றோ ‘நடைமுறைத் திட்டம்’ என்றோ தனிச்சொல் வைத்துக்கொண்டால் வாசகருக்குப் பேருதவியாக இருக்கும். அரசமைப்பின் நான்காம் பகுதியை, 36 முதல் 51 வரையிலான உறுப்புகளை, தமிழகப் பாடநூல்கள் ‘அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள்’ என்கின்றன. இது நல்ல மொழியாக்கம். நெறியும் கோட்பாடும் ஒன்றாக நின்று, நீதிமன்றம் வலியுறுத்த முடியாத, ஆனால் ஆட்சிக்கு அடிப்படையான வழிகாட்டல் என்ற பொருளைத் தருகின்றன. அதே பகுதி மலையாளத்தில் ‘நிர்தேசக தத்வங்ஙள்’. தெலுங்கில் ‘ஆதேசிக சூத்ராலு’. ஆதேசம் என்பதில் கட்டளையின் தொனி கேட்கிறது. இந்த வழிகாட்டலை நீதிமன்றம் வலியுறுத்த முடியாது, ஆனால் அது ஆட்சிக்கு அடிப்படை என்று 37-ஆம் உறுப்பு சொல்வதற்குத் தமிழாக்கமே நெருக்கமானது.

சித்தாந்தம்

சைவக் குடும்பத்தில் வளர்ந்த தமிழருக்குச் சித்தாந்தம் என்றால் மெய்கண்டாரின் சிவஞானபோதம், அதன் பன்னிரண்டு நூற்பாக்கள், பதி பசு பாசம் (இறை, உயிர், தளை). அரசியல் மேடையில் அது கருத்தியல். மலையாளத்திலும் தெலுங்கிலும் அறிவியல் பாடத்தில் வருவது: ‘ஆபேக்ஷிகதா சித்தாந்தம்’, ‘சாபேக்ஷ சித்தாந்தம்’ என்றால் நாம் சார்பியல் கோட்பாடு என்பது. தெலுங்கில் ‘சித்தாந்தி’ பஞ்சாங்கம் கணிப்பவர். தமிழில் சைவ சித்தாந்தத்தைப் பின்பற்றுபவர். எதிர்த்தரப்பைக் கேட்டு, ஆராய்ந்து, இறுதியில் நிலைநாட்டப்பட்ட முடிவு என்ற பொதுவேரே இவை அனைத்துக்கும் அடி. கருத்தியலுக்கு மலையாளம் ‘பிரத்யயசாஸ்த்ரம்’ என்றும், தெலுங்கு ‘பாவஜாலம்’ என்றும் வேறு சொற்களை ஆக்கிக்கொண்டன.

விசுவாசம், ஆசாரம், ஐதீகம்

சபரிமலை வழக்கில் 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், எல்லா வயதுப் பெண்களும் கோயிலுக்குள் செல்லலாம் என்று, நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் கேரளத்தில் நடந்த வாக்குவாதம் முழுவதும் ‘விசுவாசம்’, ‘ஆசாரம்’ என்ற இரண்டு சொற்களைச் சுற்றியே அமைந்தது. ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் தமிழர் அந்தச் செய்திகளை ஆவலோடு படித்தனர்.

தமிழில் விசுவாசம் என்றால் பெரும்பாலும் நன்றியுணர்வு, எசமானிடம் காட்டும் பற்று. கிறித்தவர் வழக்கில் மட்டும் இறைநம்பிக்கை. மலையாளத்தில் அது எந்த மதத்தாருடைய நம்பிக்கைக்கும் பொது. ‘விசுவாசிகள்’ என்றால் பக்தர்கள். சட்டமன்றத்தில் நாம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருவோம். அவர்கள் ‘அவிசுவாசப் பிரமேயம்’ கொண்டுவருவர். ஆசாரம் என்றால் தமிழில் மடியும் தூய்மையும். மலையாளத்தில் வழிவழி வந்த நடைமுறை எதுவும் ஆசாரம். ஆகவே ‘ஆசார சம்ரக்ஷணம்’ என்பதைத் தமிழில் ‘மரபைக் காத்தல்’ என்று சொல்வதே சரி. தமிழ்ச் செய்திகள் விரும்பிக் கையாளும் ‘ஐதீகம்’ எதிர்த்திசையில் வழுக்குகிறது: நமக்கு அது பக்தர்கள் நம்பி வரும் வழக்கம், மலையாளிக்கு ‘ஐதிஹ்யம்’ என்றால் பழங்கதை. பக்தியோடு சொன்ன சொல் கதை என்ற தள்ளுபடியாகக் கேட்கப்படக்கூடும்.

சட்டத்தில் இதன் விளைவு

சொல் வேறுபாடு படிவத்தில் வந்து நிற்கும்போது அது உரிமைச் சிக்கலாகிறது.

1. 1954-இல் சிரூர் மட வழக்கில், சென்னை மாகாணத்தின் 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், மதம் என்பது கடவுள் நம்பிக்கையை மட்டும் சார்ந்தது அன்று எனவும், அது கோட்பாட்டோடு நின்றுவிடாமல் சடங்கு, வழிபாட்டு முறைகளையும் உள்ளடக்கும் எனவும் கூறியது. எண்ணமும் வழியும் இரண்டும் சேர்ந்ததே சட்டத்தின் ‘மதம்’.

2. 1986-இல், கேரளப் பள்ளியொன்றில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்று, தம் நம்பிக்கையின் காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளை வெளியேற்றியது செல்லாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத உரிமையைத் தரும் அரசமைப்பின் 25-ஆம் உறுப்பில் மதத்துக்கு முன்னால் மனச்சான்று என்ற சொல் நிற்பதை நினைவில் வைக்க வேண்டும்.

3. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, சில விலக்குகள் நீங்கலாக, இந்து மதத்தை ஏற்று ஒழுகுவோரை மட்டுமே முதலில் கணக்கில் கொண்டது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர். படிவத்தில் ‘மதம்’ என்ற ஒரு கட்டத்தில் எழுதும் சொல், ஒரு குடும்பத்தின் கல்வியையும் வேலையையும் முடிவு செய்கிறது.

4. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு மதங்களுக்கு மட்டும் குறியீட்டு எண் இருந்தது. வேறு எதுவாயினும் பெயரை முழுமையாக எழுத வேண்டும். தம்மை ‘வழி’ என்று அழைத்துக்கொள்ளும் ஒரு மக்கள் கூட்டம் ‘மதம்’ என்ற கேள்விக்கு என்ன விடை தருவது என்பது குமரியில் வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

கோயில் வாசலில் மூன்று பெயர்கள்

ஒரே வகையான நிருவாகத்துக்குத் தமிழ்நாட்டில் ‘இந்து சமய அறநிலையத் துறை’ என்று பெயர். ஆந்திரத்தில் ‘தேவாதாய தர்மாதாய சாகா’. கேரளத்தில் ‘தேவஸ்வம்’. தேவாதாயம் என்பது கடவுளுக்குக் கொடுக்கப்பட்டது. தர்மாதாயம் அறத்துக்குக் கொடுக்கப்பட்டது. இங்கே கொடை முன்னிற்கிறது. தேவஸ்வம் என்பது கடவுளின் சொத்து. அங்கே உடைமை முன்னிற்கிறது. அறநிலையம் என்பது அறம் நிலைபெற்ற இடம். நம் பெயரில் கொடுத்தவரும் இல்லை, உடையவரும் இல்லை, அதன் பயன் மட்டுமே இருக்கிறது. கோயில் சொத்து யாருடையது என்ற வழக்காட்டைத் தமிழில் படிக்கும்போதும் மலையாளத்தில் படிக்கும்போதும் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும், 1956-இல் சுசீந்திரமும் பிற குமரிக் கோயில்களும் வந்தபோதும், தெய்வங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. நிருவாகத்தின் சொல் மாறியது. குமரியில் அந்த மாற்றம் முழுமையாகவும் இல்லை. அரசமைப்பின் 290அ உறுப்பு, கேரளம் ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு 46.5 இலட்சம் ரூபாயும், 1956-இல் மாற்றப்பட்ட பகுதியிலுள்ள கோயில்களின் பராமரிப்புக்காகத் தமிழ்நாடு 13.5 இலட்சம் ரூபாயும் வழங்க வேண்டும் என்கிறது. அந்தத் தமிழ்நாட்டு நிதிக்கும் அரசமைப்பு இட்டிருக்கும் பெயர் தேவஸ்வம் நிதி என்பதே.